குடவோலையும் உத்தியோகத் தெரிவும்

பொதுப்பணிக்குத் தக்காரைத் தெரிந்தெடுத்தல் ஆட்சியின் தலையாய கடன்களுள் ஒன்றாகும். திருவள்ளுவர் 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வகுத்தமையே இக்கடனின் அருமையை உணர்த்தும். தெரிவு என்றதும் பரீட்சையும் நேர்முகப் பரீட்சையுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றுக்கு முன்னரே வேறொரு தெரிவு நிகழ்ந்து விடுகின்றது. யார் விண்ணப்பிக்கலாம், எவருடைய விண்ணப்பம் முதலிலேயே விலக்கப்படும் என வரையறுப்பதே அது. பரீட்சை எத்துணை நேர்மையாக நடப்பினும், இம்முதற் சல்லடை நேரியதாக இல்லையேல் முடிவும் நேரியதாகாது.

கட்டுக்கரைக் குளத்தை நம்பி வாழும் மன்னார்ப் பெருநிலப்பகுதி உழவர்க்கு இக்கருத்துப் புதிதன்று. அருவியாற்றிலிருந்து தேக்கம் அணையினாற் திருப்பப்பெறும் நீர், வாய்க்கால் வழியே குளத்தை அடைந்து, துருசுகளினூடாக வயல்களுக்குப் பகிரப்படுகின்றது. பங்கீடு எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், வாய்க்கால் எட்டாத வயலுக்கு அதனாற் பயனில்லை. எனவே, நீரை அளப்பவர் நேர்மையானவரா என்று கேட்பதோடு, வாய்க்கால் எதுவரை வெட்டப்பட்டுள்ளது என்றும் கேட்டல் வேண்டும். உத்தியோகத் தெரிவிலும் இவ்விரு வினாக்களும் உள.

முதலாவது வினாவிற்குப் பண்டைத் தமிழகம் சிறந்ததொரு விடையைத் தந்துள்ளது. குடத்திலிருந்து ஓலை எடுக்கும் வழக்கம் அகநானூற்றின் 77ஆம் பாடலிலேயே உவமையாக வருகின்றது. அவ்வழக்கம் விதிமுறையாக வளர்ந்த நிலையை, முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் விரிவாகக் காட்டுகின்றன. அவை கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்கு உரியவை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. குடும்புதோறும் தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டனர். இளையோரும் முதியோரும் கூடிய சபையின் நடுவே, ஓலையில் உள்ளதை அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். அதனை வாங்குபவர் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்றல் வேண்டும் என விதிக்கப்பட்டிருந்தது. ஓலையை மாற்றிவிடாதிருத்தற்கு இதனினும் எளிய காவல் வேறில்லை. இவ்வாறு தெரியப்பட்ட 30 பேருள் 12 பேர் சம்வத்சர வாரியத்திலும், 12 பேர் தோட்ட வாரியத்திலும், 6 பேர் ஏரி வாரியத்திலும் 360 நாள் பணியாற்றினர். ஊரின் குளத்தைக் காப்போரும் இம்முறையாலேயே தெரியப்பட்டனர் என்பது ஈண்டு நோக்கற்பாலது.

தகுதிகளும் தகுதியின்மைகளும் யாவரும் காணக் கல்லிற் பொறிக்கப்பட்டன. முன்னர்ப் பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவர் விலக்கப்பட்டார். அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். முந்திய மூன்றாண்டுகளுள் வாரியத்தில் இருந்தோர்க்கும் இடமில்லை. 919இல் வயதெல்லை 30 முதல் 60 வரை என இருந்தது. 921இல் அது 35 முதல் 70 வரை எனத் திருத்தப்பட்டது. விதி மறைவில் மாறவில்லை. மாற்றமும் கல்லில் ஏறிற்று.

ஆயினும் இரண்டாவது வினாவிற்கு இக்கல்வெட்டுத் தரும் விடை மனநிறைவு அளிப்பதன்று. உத்தரமேரூர் பிரமதேயம். ஓலையிற் பெயர் எழுதப்பெறக் கால் வேலி இறை நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் வேண்டும். கல்வியில் மிக்கோர்க்கு அரைக்கால் வேலி நிலம் போதும் எனச் சலுகை இருந்தது. நிலமற்றோர்க்கு அச்சலுகையும் இல்லை. ஏரியில் மண் சுமந்தவனோ, வயலில் நாற்று நட்டவளோ, ஊரின் கைவினைஞனோ தம் பெயரைக் குடத்தில் இட இயலாது. குடத்தினுள் வீழ்ந்த ஓலைகளுக்கிடையே முழுச் சமத்துவம் நிலவியது; ஊராரிற் பெரும்பாலோரின் ஓலை குடத்தினுள் வீழவே இல்லை.

ஆங்கில ஆட்சியிலும் இதே நிலை வேறு உருவில் தோன்றிற்று. 1855 முதல் இந்திய சிவில் சேவைக்குப் போட்டிப் பரீட்சை நடைபெற்றது. பரிந்துரையாற் பதவி பெறும் பழைய முறையோடு ஒப்பிடுங்கால் இது பெருஞ் சீர்திருத்தமே. வினாத்தாள் யாவர்க்கும் ஒன்று. பரீட்சை நடந்ததோ இலண்டனில். கடல் கடக்கும் பொருள்வளம் இல்லாதவன் எத்துணை அறிஞனாயினும் பரீட்சை மண்டபத்தின் வாயிலைக் காணான். 1863இல் சத்தியேந்திரநாத் தாகூர் முதல் இந்தியராகத் தேறினார். 1876இல் உயர்ந்த வயதெல்லை 19 ஆகக் குறைக்கப்படவே, இந்திய மாணவர்க்கு வழி மேலும் ஒடுங்கிற்று. சுரேந்திரநாத் பானர்ஜி இதனை எதிர்த்து நாடெங்கும் கிளர்ச்சி செய்தார். இந்திய மண்ணிலும் அப்பரீட்சை நடக்க 1922 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இலங்கையில், போட்டிப் பரீட்சை வழியாக சிவில் சேவையில் நுழைந்த முதல் இலங்கையர் பொன்னம்பலம் அருணாசலம் ஆவார். அது 1875இல் நிகழ்ந்தது. அவர்தம் பேரறிவு ஐயத்துக்கு இடமற்றது. எனினும் கேம்பிரிட்ஜ் சென்று கற்கும் வாய்ப்பும் அவருக்கு இருந்தது. அவ்வாய்ப்பில்லாத எத்தனை அருணாசலங்கள் இந்நாட்டின் சிற்றூர்களில் அறியப்படாமலே மறைந்தனரோ, எவரும் கணக்கிட முடியாது.

வாயிலை அகலப்படுத்த வேண்டும் என்னும் எண்ணம் சென்னை மாகாணத்தில் சட்டவடிவம் பெற்றது. 1921இல் வெளிவந்த வகுப்புவாரி ஆணை, அமைச்சர் எஸ். முத்தையா முதலியார் காலத்தில் 1927இல் உறுதியாக நடைமுறைக்கு வந்தது. 12 பதவிகளுள் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் கிறித்தவரும் அடங்கிய பிரிவினர்க்கு 2, தாழ்த்தப்பட்டோர்க்கு 1 என அது பகுத்தது. 1929இல் இந்திய மாகாணங்களுள் முதலாவதாகச் சென்னையில் அரசுப்பணி ஆணைக்குழு நிறுவப்பட்டது. 1951இல் இவ்வகுப்புவாரிப் பங்கீடு அரசியலமைப்புக்கு முரணானதென இந்திய உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அதே ஆண்டில், பின்தங்கியோரின் முன்னேற்றத்துக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய இடமளிக்கும் முதல் அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறிற்று. தனிமனிதனின் சமவுரிமையும், நெடுங்காலம் விலக்கப்பட்ட மக்களின் பங்கும் ஒன்றையொன்று தாங்க வேண்டியவை. இரண்டையும் இணைப்பது அரிது என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.

இலங்கையில் மொழியே சல்லடையாயிற்று. 1956இன் அரசகரும மொழிச் சட்டத்தின் பின்னர், ஆங்கிலத்திற் பணியிற் சேர்ந்த அரச ஊழியரும் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையிற் தேற வேண்டியவராயினர். கேகாலைக் கச்சேரியின் தமிழ் இலிகிதர் கோடீஸ்வரனுக்கு 1962இல் சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1967இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிக்குரிய அரசின்மீது வழக்காட முடியாது எனக் கூறி அதனைத் தள்ளியது. 1969இல் பிரிவுக் கவுன்சில் வழக்காடலாம் எனத் தீர்த்து, சட்டத்தின் செல்லுபடி பற்றிய வினாவை மீண்டும் உயர் நீதிமன்றத்துக்கே அனுப்பியது. அவ்வினாவிற்கு விடை பிறக்கவே இல்லை. 1978இன் அரசியலமைப்பு 12ஆம் உறுப்புரையில், இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறப்பிடம் ஆகியவற்றாற் பாரபட்சம் காட்டலாகாது என விதித்தது. அரச பதவிக்கு ஒரு மொழியறிவை நியாயமான காலத்துள் பெறுமாறு கோரலாம் என்றும் அதிலேயே உள்ளது. 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. 'நியாயமான காலம்' என்னும் சொற்றொடரை அலுவலர் எவ்வாறு பொருள் கொள்கின்றனர் என்பதிலேயே ஒருவரது வாழ்வு தங்கியுள்ளது.

சட்டம் காணாத சல்லடைகளும் உள. சுகதேவ் தோரட், பால் அட்டுவெல் ஆகிய அறிஞர் இந்தியத் தனியார் நிறுவனங்களின் விளம்பரங்களுக்கு, ஒத்த தகைமையும் வேறுபட்ட பெயரும் கொண்ட விண்ணப்பங்களை அனுப்பி ஆராய்ந்தனர். முடிவு 2007இல் வெளியாயிற்று. தலித், முஸ்லிம் பெயர்களைத் தாங்கிய விண்ணப்பங்களுக்கு, உயர்சாதிப் பெயர்களுக்குக் கிடைத்த அளவு அழைப்புக் கிடைக்கவில்லை. விண்ணப்பித்தவர் எவரையும் கண்ணாற் காணாமலே, பெயரைக் கொண்டு விலக்கியமை இதனாற் புலனாகின்றது.

இவற்றால் அறியத்தக்கன மூன்று. கோரப்படும் தகைமை அப்பணிக்கு உண்மையில் வேண்டியதாக இருத்தல் வேண்டும். பணிக்கு வேண்டாத தகைமை மறைமுக விலக்கேயாகும். அத்தகைமை முன்னரே யாவர்க்கும் புரியும் மொழியில் அறிவிக்கப்படல் வேண்டும். உத்தரமேரூர்ச் சபை கல்லில் வெட்டியதை, இன்றைய அலுவலகம் தாளில் அறிவித்தல் பெரும் பாரமன்று. விலக்கப்பட்டவனுக்குக் காரணம் கூறுதல் வேண்டும்; காரணம் அறியாதவன் குறையைத் திருத்தவும் இயலாது, முறையிடவும் இயலாது. பரீட்சை மண்டபத்துள் இருப்போரின் புள்ளிகளைச் சரியாகக் கூட்டுவதோடு தெரிவாளரின் கடமை முடிவதில்லை. வாய்க்கால் எட்டாத வயலைப் போல மண்டபத்துக்கு வெளியே நிற்பவன் யார், அவன் ஏன் வெளியே நிற்கிறான் என்று கேட்பதும் அக்கடமையின் பகுதியேயாகும்.