சுழலியும் ஒரு சான்று

வரலாற்றுச் சான்று என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் பழங்காசும் மாணவர் மனக்கண்முன் தோன்றும். தொழிற்சாலையில் செய்யப்பெற்ற ஓர் இயந்திரத்தைச் சான்றெனக் கொள்வார் சிலரே. ஆயினும் கல்வெட்டைப் படிப்பது போலவே அதனையும் படித்தல் இயலும். படித்த பின்னரே துடைத்தல் வேண்டும். இதனை விளக்க, இணையத்தின் வழியே நான் வாங்கிய பழைய இசைத்தட்டுச் சுழலி ஒன்றினை எடுத்துக்கொள்கின்றேன். அதன் பெயர் காரார்டு 301.

காரார்டு என்பது ஆங்கில அரச குடும்பத்திற்கு நகை செய்துவந்த நிறுவனத்தின் பெயர். நகைக்கும் இசைத்தட்டுக்கும் என்ன உறவு? முதல் உலகப்போரில் பீரங்கிப் படைக்குத் தொலைவு அளக்கும் கருவிகள் வேண்டியிருந்தன. அவற்றைச் செய்வதற்கென 1915ஆம் ஆண்டில் நகை நிறுவனத்தின் கிளையாக ஒரு பொறியியல் கம்பெனி தோன்றிற்று. போர் ஓய்ந்தது, அக்கருவிகளுக்குத் தேவை குன்றியது, பழகிய கைத்திறன் மட்டும் எஞ்சி நின்றது. அத்திறனைக் கிராமபோன் பெட்டிக்குரிய சாவி முடுக்கும் பொறிகள் செய்வதில் திருப்பினர். தொழிற்சாலை ஸ்விண்டன் நகரில் அமைந்தது. ரயில் எஞ்சின் செய்து புகழ்பெற்ற ஊர் அது. அங்கிருந்து 1954இல் வெளிவந்ததே 301. 1965இல் 401 அதன் இடத்தைப் பெற்றது.

சுழலியின் முகப்பில் வேகம் மாற்றும் குமிழ் ஒன்றுண்டு. 33, 45, 78 என்னும் மூன்று எண்களை அதிலே காண்கிறோம். இவை ஒரு வணிகப் போரின் தழும்புகள். 78 என்பது அரக்குத் தட்டின் காலம். அத்தட்டுகளுக்கான அரக்கில் பெரும்பகுதி நம் நாட்டிலிருந்தே கப்பலேறிச் சென்றது. 1948இல் அமெரிக்காவின் கொலம்பியா கம்பெனி நிமிடத்திற்கு 33⅓ முறை சுழலும் நெடுந்தட்டை வெளியிட்டது. மறு ஆண்டே ஆர்.சி.ஏ. விக்டர் கம்பெனி 45 சுற்றுத் தட்டுடன் போட்டியிட்டது. எவர் வெல்வார் என்று அறியாத நிலையில், சுழலி செய்வோர் மூவேகத்திற்கும் இடமளித்தனர். நம் நாட்டிலோ 1960களிலும் 78 சுற்றுத் தட்டுகள் வந்துகொண்டிருந்தன.

இனி ஆய்வுக்கு வருவோம். பழஞ்சுழலி வீடு வந்து சேர்ந்ததும் மின்சாரத்தில் இணைத்துச் சுழலவிட எவர்க்கும் கை துறுதுறுக்கும். அவ்வாறு செய்தல் தகாது. ரப்பர் உறையிட்ட பழங்கம்பிகள் உலர்ந்து, தொட்டால் உதிரும் நிலையில் இருத்தல் கூடும். நடு அச்சின் கிரீஸும் இறுகியிருக்கும். 301இல் தொடக்கத்தில் வந்தவற்றின் அச்சுக்கு கிரீஸ் இடுவர். பிற்பாடு வந்தவற்றுக்கு எண்ணெய் இடுவர். என்னிடம் வந்ததன் அடியில் கிரீஸ் அடைக்கும் சிறு கிண்ணம் திருகப்பட்டிருந்தது. மேற்பூச்சோ முற்பட்டவற்றில் மிகுதியாகக் காணும் சாம்பல் நிறம். ஆகவே இது தொடக்க ஆண்டுகளைச் சேர்ந்தது என்று துணியலாம்.

விற்றவர், இங்கிலாந்தில் ஓர் இல்லத்தில் இருந்த பொருள் என்று குறித்திருந்தார். அடிப்பக்கத்தைத் திறந்தபோது கிடைத்த சான்றுகள் வேறு கதை கூறின. மின்னழுத்தத்திற்கேற்ப மாற்றிப் பொருத்தும் இணைப்புத் தகடுகள் 110 வோல்ட் அளவுக்குரிய நிலையில் இருந்தன. மோட்டாரின் தண்டில் இருந்த படிக்கப்பியும் சிறுத்திருந்தது. மின்சாரம் வினாடிக்கு 60 முறை அலையும் நாடுகளில் மோட்டார் விரைந்தோடும். ஆதலால் அங்கே கப்பி சிறிதாக இருத்தல் வேண்டும். இங்கிலாந்திலும் இந்தியாவிலும் அலைவு 50 மட்டுமே. எனவே இச்சுழலி வட அமெரிக்காவில் உழைத்திருக்க வேண்டும் என்பதே என் முடிபு. விற்றவர் பொய்யுரைத்தார் என்று நான் கொள்ளவில்லை; பல கை மாறிய பொருளின் கதை வழியிலே திரிவது இயல்பு.

இதனை ஆராயாமல் நம் 230 வோல்ட் மின்சாரத்தில் இணைத்திருந்தால் மோட்டாரின் சுருள் கருகியிருக்கும். இணைப்புத் தகட்டை மட்டும் மாற்றிக் கப்பியை விட்டுவிட்டாலோ, 33⅓ சுற்ற வேண்டிய தட்டு ஏறக்குறைய 28 முறையே சுற்றும். பாடுபவர் குரல் சுமார் மூன்று சுரத்தானங்கள் இறங்கிவிடும்!

கப்பியை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினேன். மோட்டாரின் விசையை மேல்தட்டுக்குக் கொண்டுசெல்வது ரப்பர் விளிம்புடைய ஒரு சக்கரம். அது கப்பியின் மூன்று படிகளில் ஏதேனும் ஒன்றினைப் பற்றி ஓடும். 33க்குரிய படியில் கரிய ரப்பர்த் தடம் அழுந்தப் பதிந்திருந்தது. 45க்குரியதில் மெல்லிய கோடு மட்டுமே. 78க்குரிய படி ஏறத்தாழப் புதிதாகவே மின்னிற்று. பழைய உரிமையாளர் பெயரை நான் அறியேன். அவர் நெடுந்தட்டுகளையே விரும்பிக் கேட்டார் என்று மட்டும் சொல்ல முடியும். சாராயத்தில் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்திருந்தால் இச்செய்தி அழிந்திருக்கும்.

பழுதுபார்ப்பதில் வல்லவரான நண்பர் ஒருவர், பூச்சினைச் சுரண்டிப் புது வண்ணம் தீட்டினால் நல்ல விலை பெறும் என்கிறார். குமிழைச் சுற்றி விரல் பட்டுத் தேய்ந்த பிறை போன்ற இடம் அவர் கண்ணுக்குக் குறை. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. பூச்சு இருந்தபடியே இருக்கட்டும். கம்பிகளையும் மின்பொறி தணிக்கும் மின்தேக்கியையும் மாற்றுவதில் எனக்குத் தயக்கமில்லை. உயிருக்கு இடர் தருவதைச் சான்றென்று பேணுதல் பேதைமை. இறுகிய கிரீஸைக் களைந்து புதியது இடவேண்டும். 50 அலைவுக்குரிய கப்பிக்கும் சொல்லியிருக்கிறேன். கழற்றும் பழைய கப்பியைத் துடைக்காமல் உறையிலிட்டு, அதன் குறுக்களவையும் கழற்றிய நாளையும் எழுதி, சுழலியின் மரப்பெட்டிக்குள்ளேயே வைக்கக் கருதியுள்ளேன்.