அலமாரி உச்சியில் கிடந்த ரோமாபுரி

இத்தாலியின் வெரோனா நகரத்தில், பேராலயத்தை ஒட்டி, அடிஜே ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு நூலகம் இருக்கிறது. பேராலயக் குருக்கள் குழுவுக்குச் சொந்தமானது, 'கபிதொலாரே' என்பார்கள். உலகத்தில் இன்றைக்கும் இயங்குகிற நூலகங்களில் இதுதான் மூத்தது என்று ஊர்க்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். அந்தப் போட்டிக்குள் நான் போகவில்லை. ஒரு தேதியை மட்டும் வைத்துக்கொள்வோம். புனித மார்ட்டினின் வரலாற்றைப் படியெடுத்து முடித்த உர்சிசினுஸ் என்ற வாசகர், ஏட்டின் கடைசியில் தன் பெயரையும், வெரோனா திருச்சபையில் தான் பார்த்த வேலையையும், நாளையும் எழுதிவைத்தார். நம் கணக்கில் 517 ஆகஸ்ட் 1. ரோமப் பேரரசு மேற்கில் விழுந்து நாற்பது வருஷம்தான் ஆகியிருந்தது.

இத்தனை பழைய ஏடுகள் எப்படித் தப்பின? கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றினார்கள் என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். நடந்தது அப்படியில்லை.

1345-இல் கவி பெட்ரார்க் இங்கே வந்தார். சிசரோ தன் நண்பர் அட்டிகஸுக்கு எழுதிய கடிதங்கள் அடங்கிய ஏட்டைக் கண்டெடுத்தார். உடம்பு சரியில்லாத நிலையிலும் தன் கையாலேயே படியெடுத்தார். படித்தபின் அவருக்கு மனசு விட்டுப்போச்சு. தத்துவம் பேசிய மகான் என்று நினைத்த மனுஷர், அரசியலில் இப்படி அலைபாய்ந்திருக்கிறாரே என்று, செத்து ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேலான சிசரோவுக்கே கடிதம் எழுதினார். அந்த மூல ஏடு பிறகு காணாமல் போனது. பெட்ரார்க் எடுத்த படியும் போனது. பிறர் எடுத்த படிகள் இருந்ததால் கடிதங்கள் பிழைத்தன.

அடுத்தது 1630-ஆம் வருஷத்துப் பிளேக். அதில் இறந்தவர்களில் நூலகத்தைக் கவனித்துவந்த அகோஸ்தினோ ரெட்ஸானி என்ற குருவும் ஒருவர். மிகப் பழைய ஏடுகளை அவர் பத்திரமாக ஓரிடத்தில் ஒளித்துவைத்திருந்தார். ஆற்று வெள்ளத்துக்குப் பயந்து என்று பொதுவாகச் சொல்வார்கள். எங்கே என்பது அவரோடு போய்விட்டது. அதற்கப்புறம் எண்பது வருஷம், கேட்டு வந்த அறிஞர்களுக்கு இல்லை என்ற பதில்தான். தேடிப்பார்க்கக்கூட யாருக்கும் தோன்றாத அளவுக்கு, இல்லை என்பது பழகிப்போயிருந்தது.

ஷிப்பியோனே மஃபெய் என்ற வெரோனாப் பிரபு மட்டும் நச்சரிப்பை விடவில்லை. 1712-இல் கார்லோ கரினெல்லி என்ற குரு ஒரு பெரிய அலமாரியின் உச்சியில் ஏறிப் பார்த்தார். மொத்தமும் அங்கேதான் கிடந்தன, தூசியோடு.

அந்தத் தூசியிலிருந்து ஒரு துறையே திசை மாறியது. பழைய லத்தீன் எழுத்துகளைப் பற்றி அப்போது பெரிய வாக்கு, 1681-இல் நூல் வெளியிட்ட பிரெஞ்சுத் துறவி மாபியோனுடையது. லொம்பார்டு எழுத்து, சாக்ஸன் எழுத்து, காத்து எழுத்து என்று ஒவ்வோர் இனத்துக்கும் தனி எழுத்து என்றார் அவர். பல நூற்றாண்டு ஏடுகளை வரிசையாக வைத்துப் பார்த்த மஃபெய், எல்லாமே ரோமானிய எழுத்திலிருந்து கிளைத்தவை என்றார். மஃபெய் சொன்னதுதான் நின்றது.

ஆனால் அவர் கண்ணிலேயே பட்டும் தப்பிய ஒன்று உண்டு. காயஸ் என்ற ரோமானியச் சட்ட ஆசிரியர் 2-ஆம் நூற்றாண்டில் மாணவர்களுக்கு ஒரு பாடநூல் எழுதினார். மனிதர், பொருள், வழக்கு என்று சட்டத்தை மூன்றாகப் பகுத்த நூல். 533-இல் ஜஸ்டினியன் பேரரசர் வெளியிட்ட சட்டப் பாடநூலுக்கு அதுவே அச்சு. மூலம் மட்டும் உலகத்தில் எங்கும் இல்லை. அது வெரோனாவில், ஜெரோமின் கடிதங்களுக்கு அடியில் இருந்தது. ஓலையைச் சுரண்டி மறுபடி எழுத முடியாது, தோலில் முடியும். தோல் விலை அதிகம், சட்டப் புத்தகத்துக்கு ஆள் இல்லை. யாரோ ஒரு துறவி மையைக் கழுவி, மேலே ஜெரோமை எழுதிவிட்டார். திட்டாதீர்கள், ஜெரோம் மேலே உட்கார்ந்ததால்தான் யாரும் அந்தத் தோலைத் தூக்கிப் போடவில்லை. கழுவப்படாத ஒரு தனி ஏட்டை மஃபெய் அச்சிடவும் செய்தார். எதனுடையது என்று பிடிபடவில்லை.

1816-இல் ப்ரஷ்யாவின் தூதராக ரோமுக்குப் போகும் வழியில் வரலாற்றாசிரியர் நீபுர் வெரோனாவில் இரண்டு நாள் தங்கினார். ஜெரோமுக்கு அடியில் சட்டம் தெரிவதைக் கண்டுகொண்டார். உல்பியன் எழுதியதாக இருக்கும் என்று நினைத்தார். இது காயஸ் என்று சொன்னவர் சட்ட அறிஞர் சாவின்யி. பெர்லினிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

எப்படிப் படித்தார்கள் என்பதுதான் வேதனை. மங்கிய மையை எழுப்ப மாசிக்காய்ச் சாறு தடவுவது அந்தக் கால வழக்கம், நீபுரே தடவியிருக்கிறார். பிறகு வந்த புளூமே அதைவிடக் கடுமையான ரசாயனங்களைப் பூசினார். அப்போதைக்கு எழுத்து தெரிந்தது. அப்புறம் பக்கமே கறைபட்டுப்போனது. அவர்கள் படித்ததால்தான் காயஸ் இன்றைக்குச் சட்டக் கல்லூரிகளில் இருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் ஆயிரம் வருஷம் மேலே கிடந்த ஜெரோம் செய்யாத சேதத்தை, காயஸைக் காதலித்தவர்கள் சில வருஷத்தில் செய்தார்கள். அவசரமில்லாத துறவியைவிட ஆர்வமுள்ள பேராசிரியர் ஆபத்தானவர் என்றே எனக்குப் படுகிறது. விடுபட்ட சில பகுதிகள் 20-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் கிடைத்த துண்டுகளிலிருந்து தெரியவந்தன.

இன்னொரு சின்ன விஷயம். ஸ்பெயினிலிருந்து வந்த ஒரு ஜெபப் புத்தகத்தின் ஓரத்தில், 8-ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டி, யாரோ ஒரு விடுகதையைக் கிறுக்கியிருந்தார். உழவு மாடு, வெள்ளை வயல், கறுப்பு விதை. விடை, எழுதும் கை. 1924-இல் லூயிஜி ஷியாபரெல்லி அதைக் கவனித்தார். லத்தீன் உடைந்து இத்தாலியப் பேச்சாகிக்கொண்டிருந்த நேரத்து மொழி அது. பேனா ஓடுகிறதா என்று பார்க்கக் கிறுக்கியதாகக்கூட இருக்கலாம்.

பயந்தபடியே வெள்ளமும் வந்தது. 1882-இல் அடிஜே பெருகியபோது ஆவணத் தோல்கள் நீரில் ஊறின. 1945 ஜனவரி 4-ஆம் தேதி குண்டு விழுந்து நூலகக் கூடம் இடிந்தது. ஏடுகள் அங்கே இல்லை. முன்னதாகவே நூலகர் ஜுசெப்பே துர்ரீனி அவற்றை வெளியே அனுப்பியிருந்தார். ரெட்ஸானி செய்த அதே வேலைதான். ஆனால் இவர் உயிரோடு இருந்தார், எங்கே வைத்தோம் என்பதும் தெரிந்திருந்தது. 1948-இல் புதிதாகக் கட்டிய கூடத்துக்கு ஏடுகள் திரும்பின. உர்சிசினுஸின் புத்தகமும் வந்தது, கடைசியில் அந்தத் தேதியோடு.