சாயவேரும் அதைத் தோண்டிய கைகளும்

வரலாறு என்றவுடன் நம் மாணவர் நினைவுக்கு வருவன மன்னர் பெயர்களும் கோட்டைகளும் போர் நடந்த ஆண்டுகளுமேயாம். காலடியில் மிதிபடும் ஒரு பூண்டுக்கும் வரலாறு உண்டு என்பதையோ, அவ்வரலாறு அதைத் தோண்டியெடுத்த மக்களின் வியர்வையால் எழுதப்பட்டது என்பதையோ நாம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அரிது. அத்தகைய பூண்டுகளுள் ஒன்று சாயவேர். சித்த மருத்துவர்கள் அதனை இம்பூறல் என்பர். இருமலுக்கும், இளைப்புக்கும், இரத்தம் கக்கும் நோய்க்கும் அதனை மருந்தாகக் கொடுத்து வந்தனர்.

நெல்லியடியிலிருந்து துன்னாலை வழியாக வல்லிபுரத்தை நோக்கிச் செல்வோர், தோட்ட நிலம் மெல்ல மறைந்து வெண்மணல் தொடங்குவதைக் காண்பர். இத்தகைய கரையோர மணலே சாயவேருக்கு உகந்த இடம். இலங்கையின் வறண்ட கரைகளிலும் சோழமண்டலக் கரையிலும் அது தானாகவே முளைக்கும். காப்பிச் செடியும் மஞ்சணத்தி மரமும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது அது. தரையோடு படரும் மெல்லிய தண்டு, ஒடுங்கிய இலை, சின்னஞ்சிறு வெண்பூ ஆகிய இவற்றில் கண்ணைக் கவர்வது ஒன்றுமில்லை. அதன் செல்வமெல்லாம் மண்ணுக்கடியில், நீண்டு இறங்கும் மெல்லிய வேரின் பட்டையில் இருக்கின்றது.

அந்த வேர் தரும் நிறம் செம்மை. எனினும் வேரை அவித்து அந்நீரில் துணியைத் தோய்த்தால் மட்டும் செந்நிறம் நிலைத்துவிடாது. துணியை முதலில் கடுக்காயிலும் எருமைப்பாலிலும் ஊறவைத்து உலர்த்துவர். பின்னர் சிவக்க வேண்டிய இடங்களில் படிகாரநீரால் எழுதுவர். அதன்பின் வேர்ச்சாற்றில் இட்டுக் காய்ச்சினால் படிகாரம் பட்ட இடம் மாத்திரம் நிறத்தைப் பற்றிக்கொள்ளும். மற்றைய இடங்களில் ஒட்டிய நிறம் துவைத்து வெயிலில் உலர்த்த உலர்த்த நீங்கிவிடும். வெளுக்க வெளுக்க ஒளிகூடும் இந்தச் செம்மையே சோழமண்டலத்துச் சித்திரத் துணிகளுக்கு ஐரோப்பாவிலும் கீழைத் தீவுகளிலும் பெருமை தேடித் தந்தது.

பெருமை உள்ள இடத்தில் இலாபம் உண்டு. இலாபம் உள்ள இடத்தில் ஆதிக்கமும் வந்து சேரும். 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனி, சாயவேரைத் தன் தனியுரிமையாக்கிக்கொண்டது. யாழ்ப்பாணக் கொமாந்தராயிருந்த ஹென்றிக் சுவார்டெக்குரூன், தமக்குப் பின் ஆள்வோருக்காக 1697இல் நீண்டதொரு குறிப்புரை எழுதிவைத்தார். யானை, பனை, சங்கு என்பவற்றோடு சாயவேரும் அதில் வருவாய்ப் பொருளாக எண்ணப்பட்டுள்ளது. வேர் கணக்கேட்டில் ஏறியது. ஆனால் வேரைத் தோண்டியவன் ஏறியது எவ்வாறு?

அக்காலத்து யாழ்ப்பாணத்தில் ஊழியம் என்னும் கட்டாய வேலைமுறை பல சாதியார்மீது சுமத்தப்பட்டிருந்தது. வேர்குத்துவோர்க்கு அந்தக் கடமை வேராகவே விதிக்கப்பட்டது. தோண்டிய வேரைக் கொம்பனிக்கே கொடுக்க வேண்டும். விலையைக் கொம்பனியே குறிக்கும். வேரைப் பிடுங்கினால் செடி மடியும். ஆதலால் ஓரிடத்தில் வேர் அற்றபோது வேறிடம் தேடி நடக்க வேண்டும். முற்றிய வேரிலேயே நல்ல சாயம் உண்டு. ஆதலால் இளஞ்செடியை விட்டு, முற்றியதை அறிந்து தோண்டுதல் வேண்டும். எந்த மணலில் எந்த வேர் சிறந்தது என்று அறிவது ஒரு கலை. அக்கலையைக் கற்றவனைச் சமூகம் கலைஞன் என்று அழைக்கவில்லை. அவன் செய்த தொழிலின் பெயரையே சாதிப் பெயராக்கி, அந்தப் பெயரையே இழிவாக்கி, அவனுடைய பிள்ளைகளின் தலையிலும் சுமத்திற்று. அந்நியக் கொம்பனி கடமையை விதித்தது உண்மை. அக்கடமையைப் பிறப்போடு பிணைக்க நமது சாதியமைப்பே கயிறு திரித்துக் கொடுத்தது என்பதும் உண்மை.

சாயமிடுவோரின் அறிவும் இவ்வாறே பறிபோயிற்று. 1742இல் கேர்டு என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், மதம் மாறிய தமிழ்த் தொழிலாளரிடம் கேட்டறிந்து, துணிக்குச் சாயமிடும் முறையைப் படிப்படியாக எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கத்தால் திரட்டிய அறிவு ஒரு கடிதத்தில் கடல் கடந்தது. கடிதம் எழுதியவரின் பெயர் நிலைத்தது. சொல்லிக்கொடுத்தவர்களோ பெயரற்றுப் போயினர்.

பின்னர் நிகழ்ந்ததை இரசாயனம் படிக்கும் மாணவர் அறிவர். சாயவேருக்குச் செந்நிறம் தரும் பொருள் அலிசரின். 1868இல் கிறேபே, லீபர்மான் என்னும் ஜெர்மானிய அறிஞர் இருவர் அதனை நிலக்கரித் தாரிலிருந்து பெறும் பொருளைக்கொண்டு ஆக்கிக் காட்டினர். 1869இல் காப்புரிமைகள் பெறப்பட்டன. அதன்பின் சில ஆண்டுகளுக்குள் ஆலைச்சாயம் சந்தையை நிறைத்தது. பிரான்சின் தென்பகுதியில் செஞ்சாயச் செடி பயிரிட்ட உழவர் வீழ்ந்தனர். நமது மணலிலும் வேருக்கு விலை இல்லாது போயிற்று. விஞ்ஞானத்தை நாம் குறைகூறவில்லை. மணலில் முதுகு வளைந்த மனிதனின் பாரத்தை ஓர் ஆய்வுகூடம் இறக்கிவைக்குமானால் அது போற்றத்தக்கதே. ஆனால் இறங்கியது வேலை மட்டுமே, இழிவு இறங்கவில்லை. 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. 1844இல் அடிமைமுறை சட்டத்தால் நீங்கியது. அவ்வாறிருந்தும் 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் ஒன்று வேண்டியிருந்தது. அதன் பின்னரும் 1966 ஒக்டோபரில் மக்கள் சுன்னாகத்திலிருந்து ஊர்வலமாகப் புறப்பட வேண்டியிருந்தது. செந்நிறம் துணியில் மங்கிய பிறகும் சாதியின் கறை மனத்தில் மங்கவில்லை.

வங்காளத்து அவுரி உழவர் 1859இல் கிளர்ந்தெழுந்தபோது, அடுத்த ஆண்டிலேயே தீனபந்து மித்திரர் 'நீல் தர்ப்பண்' என்னும் நாடகத்தால் அவர்கள் துயரை உலகறியச் செய்தார். நீலத்துக்கு ஒரு நாடகம் கிடைத்தது. நமது செஞ்சாயத்துக்காக அத்தகைய ஒன்றை எழுதும் கடமை நம் எழுத்தாளர் முன் நிற்கின்றது. ஆசிரியர்களாகிய நமக்கோ இன்னும் எளிய கடமை ஒன்றுண்டு. மாணவரை ஒரு நாள் மணல்வெளிக்கு அழைத்துச் சென்று, அந்தச் சிறு பூண்டைக் காட்டுவோம். அதன் தாவரவியற் பெயரோடு, அதைத் தோண்டிய மக்களின் கதையையும் சொல்லுவோம். தொழிலை மதிக்கவும், தொழிலாளியை இழிவாக்கிய முறையை வெறுக்கவும் அவர்கள் கற்றுக்கொள்வார்களானால், அதுவே மெய்யான வரலாற்றுப் பாடம்.