திரைப்பதிவு (தொலைப்பணியில்)
கணினித் திரையில் நடப்பதைப் பேச்சோடு சேர்த்து வீடியோவாக்கும் முறை. வெவ்வேறு ஊர்களிலிருந்து வேலை செய்யும் குழுக்கள் புதியவர்களைப் பழக்கவும், மென்பொருள் பிழையைக் காட்டவும், கூட்டம் போடாமலே விளக்கம் சொல்லவும் இதைக் கையாள்கின்றன. நேர வித்தியாசம் பெரிதாக உள்ள குழுக்களுக்கே பயன் அதிகம். ஒருவர் தூங்கும் நேரத்தில் மற்றவர் பார்த்துக்கொள்ளலாம்.

திரைப்பதிவு மென்பொருள்களில் டெக்ஸ்மித் நிறுவனத்தின் கேம்டேசியா பழைய பெயர். ஓபிஎஸ் என்ற மென்பொருள் இலவசம். 2015இல் தொடங்கிய லூம், பதிந்த கையோடு இணைப்பை அனுப்பும் வசதியால் பரவியது. அதை ஏறத்தாழ 97.5 கோடி டாலருக்கு வாங்குவதாக அட்லாசியன் நிறுவனம் 2023இல் அறிவித்தது.

எழுத்துக் குறிப்பைப் போலத் திரைப்பதிவை எளிதில் திருத்த முடியாது என்பதே பெரிய குறை. மென்பொருளின் தோற்றம் மாறினால் பழைய வீடியோ குழப்பத்தான் செய்யும். கடவுச்சொல்லும் வாடிக்கையாளர் விவரமும் கவனக்குறைவால் பதிவாவதுண்டு. பதியுமுன் அறிவிப்புகளை அணைத்துவிடுவது நல்லது.