சோதனைக்கு உடல் ஈந்தோர்

இலத்தீன் மொழியிலே ‘லூப்பஸ்’ என்றால் ஓநாய். ஓநாய் கடித்தாற்போல முகத்தைப் புண்ணாக்கிய தோல்நோய்க்கு இடைக்கால ஐரோப்பிய வைத்தியர் இட்ட பெயர் அது. இன்று அப்பெயரால் நாம் அறியும் நோயிலே, உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளையும் சிறுநீரகத்தையும் தாக்குகிறது. நோயுற்றோருள் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள்.

மலேரியா மருந்தின் வழிவந்த ஐதரொட்சிகுளோரோகுயின் 1955இல் இந்நோய்க்கென அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. அதன்பின் 56 ஆண்டுகள் புதிய மருந்தெதுவும் அங்கு அனுமதிக்கப்படவில்லை. எதிர்ப்பணுக்கள் நிலைத்திருக்க உதவும் புரதமொன்றை 1999இல் விஞ்ஞானிகள் விவரித்தனர். அப்புரதத்தைத் தடுக்கவென உருவானதே பெலிமுமாப் என்னும் ஊசிமருந்து. 449 நோயாளரிடம் நிகழ்ந்த தொடக்கச் சோதனை தன் இலக்கை எய்தவில்லை. பின்னர் இரு பெருஞ் சோதனைகள் நடைபெற்றன. ஒன்று வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும். மற்றையது பிலிப்பைன்ஸ், இந்தியா, பிறேசில், பெரு முதலிய நாடுகளில், 865 பேரிடம். இவ்விரண்டாவது சோதனையில் எல்லோரும் வழக்கமான மருந்துகளைத் தொடர்ந்தனர். ஓராண்டின் முடிவில், புதுமருந்தை உயர்ந்த அளவிற் பெற்றோருள் நூற்றுக்கு 58 பேரும், மருந்தற்ற வெற்றூசி பெற்றோருள் 44 பேரும் முன்னேற்றங் கண்டனர். 2011 மார்ச்சில் அமெரிக்கா அனுமதி வழங்கியது.

யாருடைய உடலிலே இவ்வுண்மை கண்டறியப்பட்டது? அதன் பயன் யாருக்குச் சென்றது? அனுமதி பெற்ற வேளையில் ஓராண்டுச் சிகிச்சையின் விலை ஏறத்தாழ 35,000 டொலர். சோதனை நடந்த ஏழை நாடுகளின் உழைக்கும் பெண்ணுக்கு அது கனவிலும் எட்டாத தொகை.

செல்வ நாட்டினுள்ளும் இதே ஏற்றத்தாழ்வுதான். அமெரிக்காவில் வெள்ளையரைவிடக் கறுப்பினப் பெண்களையே இந்நோய் மிகுதியாகவும் கடுமையாகவும் வாட்டுகிறது. எனினும் அவ்விரு சோதனைகளிலும் கறுப்பினத்தோர் சிறுதொகையினரே. அவர்களுக்கு மருந்து பயன்படுமா என்று துணிய இயலாத நிலையிலேயே அது சந்தைக்கு வந்தது. கறுப்பினத்தோர் 448 பேரை மட்டும் கொண்ட தனிச் சோதனையின் முடிவு 2022இல் வெளியாயிற்று. மருந்து பெற்றோருள் நூற்றுக்கு 49 பேரும் வெற்றூசி பெற்றோருள் 42 பேரும் தேறினர். இவ்வேறுபாடு தற்செயலானதன்று என நிறுவ அச்சோதனை போதவில்லை. பதினோராண்டு காத்திருந்தோர்க்குக் கிடைத்தது அரைகுறை விடையே!

விஞ்ஞானத்திற்கு இனமுமில்லை, வர்க்கமுமில்லை என்பர் சிலர். புரதத்திற்கு இல்லைதான். ஆனால் எங்கே சோதிப்பது, என்ன விலைக்கு விற்பது என்பவற்றை நிர்ணயிப்பது இலாபநோக்கு. விஞ்ஞானத்தைப் பழிப்பது நம் கருத்தன்று. வெற்றூசி பெற்ற பெண்ணும் மனிதகுலத்தின் அறிவை வளர்த்தவளே. ஆதலால், நோயின் சுமையை மிகுதியாகத் தாங்குவோர்க்குச் சோதனையிலே உரிய இடம் வேண்டும். சோதனைக்கு உடல் ஈந்தோர்க்கு மருந்திலே உரிமை வேண்டும். இது இரக்கத்தின் பாற்பட்டதன்று, நீதியின் பாற்பட்டது.