விடுபட்ட நிரைகள்: ரிவர்ஸ்டன் வீதியிலிருந்து ஒரு குடியுரிமைக் கதை

கெம்பசில 'பெட்ச்' என்றால் ஒரே வருஷத்தில் உள்ளே வந்த ஆக்கள். கணினி படிக்கிற நண்பர்கள் அதே சொல்லை வேறு அர்த்தத்தில் சொல்வார்கள். தரவுத்தளத்துக்கு ஒவ்வொன்றாக அனுப்ப வேண்டிய கட்டளைகளைச் சேர்த்து வைத்து, ஒரே தடவையில் அனுப்புவது அவர்களுக்கு 'பெட்ச்'. கலைப்பீடத்து ஆக்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். மலையகத் தமிழரின் குடியுரிமை வரலாற்றை வாசித்தபோது, அதைப் புரிந்துகொள்ள எங்களுக்குக் கைகொடுத்த சொல் இதுதான்.

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டனுக்கு ஏறும் வீதியைப் பனிமூட்டத்துக்கும் காற்றுக்கும் தெரிந்தவர்கள்தான் அதிகம். மேலே கோபுரம், அதைத் தாண்டினால் பிட்டவல பத்தன. ஆனால் கீழ்ச் சரிவுகளில் தேயிலையும் லயன்களும் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காக மன்னார் கரையில் வந்திறங்கிய தமிழ்நாட்டுக் கிராமத்து மக்கள், காட்டு வழியாகத் தம்புள்ளை தாண்டி நடந்தார்கள். நோயிலும் பசியிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். மிஞ்சியவர்கள் மலைநாட்டுக்குள் நுழைந்த வாசல் மாத்தளை. அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத்தான் 1948இல் "நீ எந்த நாட்டு ஆள்?" என்ற கேள்வி வந்தது.

அதற்குள் போக முதல் கணினிப் பக்கத்தைக் கொஞ்சம் பார்ப்போம். ஒரு அட்டவணையில் 10,000 நிரைகளை மாற்ற வேண்டும். புதிதாகப் புரோகிராம் எழுதுகிறவர் ஒரு லூப் போடுவார்: ஒரு நிரையை எடு, கட்டளையை அனுப்பு, பதிலுக்குக் காத்திரு, அடுத்ததை எடு. இப்படி 10,000 தரம் போய்வர வேண்டும். இதை மிச்சப்படுத்தத்தான் ஜாவா போன்ற மொழிகளில் கட்டளைகளைச் சேர்த்து ஒன்றாக அனுப்பும் வசதி இருக்கிறது. இன்னொரு வழி, வெளியிலிருந்து எண்ணிக்கொண்டிருக்காமல் தரவுத்தளத்திடமே ஒரு நிபந்தனையைச் சொல்வது: "இப்படிப்பட்ட எல்லா நிரையையும் மாற்று." எஸ்.கியூ.எல்லில் அந்த நிபந்தனைப் பகுதிக்குப் பெயர் 'வெயார்'. 1970இல் ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் கோட் தொடர்புசார் மாதிரியை முன்வைத்த காலத்திலிருந்து தரவுத்தளங்களின் பலமே இதுதான். ஆளாளாகப் பார்க்காமல் கூட்டமாகப் பேசலாம்.

இனி 1948. இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம், இல. 18. வம்சாவளிப் பிரஜை ஆக வேண்டுமானால் நாட்டில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். தோட்டத்துப் பிள்ளைக்கே பிறப்புச் சான்றிதழ் இல்லாத காலத்தில், பாட்டனுடையதை யார் எங்கே போய் எடுப்பது?

அடுத்த வருஷம் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், இல. 3 வந்தது. இதுதான் லூப். ஒவ்வொரு குடும்பமும் விண்ணப்பிக்க வேண்டும். திருமணமானவர் 7 வருஷம், மற்றவர் 10 வருஷம் தொடர்ந்து வசித்ததை நிரூபிக்க வேண்டும். ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேல் ஊரில் போய் இருந்துவிட்டால் தொடர்ச்சி அறுந்துபோச்சு. 1951 ஓகஸ்ட் கடைசித் திகதிக்குள் சுமார் 2 இலட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள் சேர்ந்தன. அவற்றுக்குள் இருந்தவர்கள் 8 இலட்சத்துக்கு மேல். குடியுரிமை கிடைத்ததோ ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. ஒவ்வொரு நிரையையும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயம் கிடைக்கும் என்று நாம் நினைப்போம். இங்கே பெரும்பாலான நிரைகள் தனித்தனியாக நிராகரிக்கப்பட்டன.

1964 ஒக்டோபர் 30: சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பிறகு பார்க்கலாம். 1974இல் அந்த மிச்சத்தையும் பாதிபாதியாகப் பிரித்தார்கள். சம்பந்தப்பட்ட மக்களை யாரும் கேட்கவில்லை. இதைத் தொண்டமான் அப்போதே எதிர்த்தார். தரவுத்தள மொழியில் சொன்னால் இது 'வெயார்' இல்லாத, 'லிமிட்' மட்டும் போட்ட கட்டளை: "எவராயிருந்தாலும் பரவாயில்லை, இத்தனை பேர்." அண்ணன் ஒரு நாடு, தங்கச்சி ஒரு நாடு என்று குடும்பங்கள் பிரிந்தது இப்படித்தான். 1984இல் யுத்தத்தால் தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பல் நின்றபோது, இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே லயனில் இருந்துவிட்டவர்கள் பல்லாயிரம்.

1986இலும் 1988இலும் வந்த சட்டங்கள் இன்னும் பலரை உள்ளே எடுத்தன. ஆனாலும் மிச்சம் இருந்தது. 2003இல் சட்ட இல. 35 வந்தது. பாராளுமன்றத்தில் எதிர்ப்பே இல்லை. இந்த முறை நிபந்தனை எளிமை: இந்திய வம்சாவளியினர், 1964 ஒக்டோபர் 30இலிருந்து இங்கே நிரந்தரமாக வசிப்பவர், அல்லது அப்படிப்பட்டவரின் வழித்தோன்றல். நாடற்றவராக இருந்தவர் சட்டத்தாலேயே பிரஜை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர் ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டால் சரி. தோட்டம் தோட்டமாக நடமாடும் முகாம்கள் நடந்தன. 10 நாளில் சுமார் 1,90,000 பேர் பயனடைந்ததாக ஐ.நா. அகதிகள் முகவரகம் பதிந்திருக்கிறது. 55 வருஷ லூப் 10 நாளில் முடிந்தது!

கதையை இதோடு நிறுத்தினால் சந்தோஷமாக இருக்கும். ஆனால் பெட்ச் எழுதிப் பழகியவர்கள் அடுத்த கேள்வியைக் கேட்பார்கள்: "எத்தனை நிரை விடுபட்டது?" ஜாவாவில் ஒரு பெட்ச் இடையில் பிழைத்தால், எந்தக் கட்டளை வெற்றி, எது தோல்வி என்று ஒரு எண்ணிக்கைப் பட்டியல் கிடைக்கும். அதைத் திறந்து பார்க்காத புரோகிராமர் "வேலை முடிஞ்சுது" என்று வீட்டுக்குப் போய்விடுவார். 2003 சட்டத்திலும் அப்படியொரு ஓட்டை இருந்தது. "இங்கே நிரந்தரமாக வசிப்பவர்" என்ற நிபந்தனைக்குள், கலவரத்துக்கும் யுத்தத்துக்கும் பயந்து தமிழ்நாட்டுக்கு ஓடிய மலையக மக்கள் வரவில்லை. அவர்களுக்காக 2009இல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. திருத்திய பிறகும், எந்த நாட்டுப் பிரஜையும் இல்லாத ஆயிரக்கணக்கானோர் இன்றும் தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கிறார்கள்.

ஆகவே லூப் கெட்டது, பெட்ச் நல்லது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 1964உம் பெட்ச்தான், 2003உம் பெட்ச்தான். முதலாவதில் எண்ணிக்கை முதலில் வந்தது, மனிதர் பிறகு. இரண்டாவதில் மனிதரை விபரிக்கும் நிபந்தனை முதலில் வந்தது. வேகம் இரண்டுக்கும் பொது. நிபந்தனையை யார் எழுதினார், விடுபட்டவர் பட்டியலை யார் திறந்து பார்த்தார் என்பதில்தான் வித்தியாசம்.

இது பழைய கதை இல்லை. இப்போது நாட்டில் டிஜிட்டல் அடையாள அட்டைக்கான வேலை நடக்கிறது. பழைய பதிவுகள் புதிய தரவுத்தளத்துக்கு ஏறும்போது கட்டுக்கட்டாகத்தான் ஏறும், வேறு வழியில்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, பாடசாலைப் பதிவில் மூன்றாவது எழுத்து என்று பெயர் இருக்கிற தோட்டத்துப் பாட்டியின் நிரை அங்கே பொருந்தாமல் போகலாம். அந்தப் புரோகிராமை எழுதப்போவது எங்கள் வயதுப் பிள்ளைகளாகவே இருக்கலாம். அவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறோம்: கமிட் அடிக்க முதல், பொருந்தாத நிரைகளை ஒரு பட்டியலாக எடுத்து, அதைத் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். அவர் ரத்தோட்டைக்கு பஸ் ஏறிப் போய் விசாரிக்கட்டும்.