சேரியால் சுருளும் கைப்பேசித் திரையும்

ஹைதராபாத் அபிட்ஸில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டிக்கிடக்கும். அவற்றின் வாசற்படிகளும் நடைபாதையும் அன்று பழைய புத்தகக்காரர்கள் வசம். பொறியியல் பாடநூல்கள், உருது நாவல்கள், அவற்றுக்கு அடியில் அட்டை கிழிந்த இந்திரஜால் காமிக்ஸ், தெலுங்குச் சந்தமாமா. அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு சந்தமாமாவைப் புரட்டிக்கொண்டிருந்தேன். விரிப்பின் அந்தக் கோடியில் கடைக்காரரின் மகன் கைப்பேசியில் ஏதோ கொரியப் படக்கதையைக் கட்டைவிரலால் மேலே தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டிருந்தான். நான் தாளைத் திருப்பினேன். அவன் சுருளை விரித்தான். சுருள் என்று நினைத்ததுமே மனம் இந்த ஊரிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் சேரியாலுக்குப் போய்விட்டது.

சேரியால் இன்றைய சித்திப்பேட்டை மாவட்டத்து ஊர். அங்குள்ள நகாசிக் குடும்பங்கள் தலைமுறைகளாகத் துணியில் கதை வரைகிறவர்கள். (நாம் 'நகாசு வேலை' என்கிறோமே, அந்த நகாசுதான்.) கதர்த் துணிக்குப் புளியங்கொட்டைக் கூழும் அரிசிக் கஞ்சியும் வெள்ளை மண்ணும் சேர்த்துப் பூசிக் காயவைத்து, செக்கச் சிவந்த பின்னணியில் வரைவார்கள். அகலம் சுமார் மூன்றடி. நீளம் நாற்பதடியைத் தாண்டுவதும் உண்டு. உச்சியில் பிள்ளையார். அவருக்குக் கீழே கதை பட்டை பட்டையாக இறங்கும். பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே பூங்கொடிக் கரை. கதைசொல்லி சுருளைத் தொங்கவிட்டு, குச்சியால் தொட்டுக் காட்டி, பாட்டும் வசனமுமாக இரவிரவாகச் சொல்வார். அடுத்த பட்டை எப்போது விரிய வேண்டும் என்பது அவர் கையில்.

அச்சுப் படக்கதையிலிருந்து இணையப் படக்கதைக்கு மாறியதைப் பற்றிப் பேசும்போது காகிதமா, கண்ணாடியா என்றே பெரும்பாலும் கேட்கிறோம். அது அவ்வளவு பெரிய விஷயமாக எனக்குப் படவில்லை. மாறியது வடிவம். அச்சு, கதையைப் பக்கம் என்ற சதுரத்துக்குள் அடைத்தது. ஓவியர் ஆறேழு கட்டங்களை அதற்குள் பொருத்தி, அதிர்ச்சியைத் தாள் திருப்பிய பிறகு வைத்தார். 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து காமிக்ஸைப் படித்து வளர்ந்த தலைமுறைக்கு இந்த உத்தி விரல் நுனியில் ஊறியது. அந்தப் பக்கத்தை அப்படியே கைப்பேசியில் ஏற்றினால் பாழ். ஆங்கிலத்துக்கென்று வரைந்த பேச்சுக் குமிழியில் தமிழ் வசனம் ஏற்கெனவே மூச்சுமுட்டிக்கொண்டிருக்கும்; திரையில் சுருங்கினால் எழுத்து எறும்பாகிவிடும்.

எல்லையில்லாத் திரையில் கதை எப்பக்கமும் விரியலாமே என்று அமெரிக்கர் ஸ்காட் மெக்கிளவுட் 2000-இல் எழுதினார். எப்பக்கமும் விரியவில்லை. கொரியர்கள் கீழ்நோக்கி இறக்கினார்கள். நேவர் நிறுவனத்தின் வெப்டூன் 2004-இல் வந்தது. அதற்கு வரைகிறவர் குறுகிய அகலத்தில் நீளமாக வரைந்து, துண்டு துண்டாக வெட்டி ஏற்றுகிறார். இங்கே இரண்டு கட்டங்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடம்தான் காலம். ஒருவன் கிணற்றில் விழுகிறான் என்றால், வெறும் கறுப்பு ஒரு முழம் ஓடும். விரல் அதைக் கடக்கும்வரை அவன் விழுந்துகொண்டே இருப்பான். சேரியால் கதைசொல்லி குரலை இழுத்துச் செய்ததை இங்கே இடைவெளி செய்கிறது. கட்டைவிரல் மட்டும் வாசகனுடையது.

வடிவத்தை இப்படிப் பொருத்திப் பார்ப்பது சுலபம். சோற்றுக்கு என்ன வழி என்று கேட்டால்தான் ஒப்புமை இடறுகிறது. சுருள் கதைக்கு ஆதரவாளர் கூட்டம் உண்டு. பத்மசாலி நெசவாளருக்கு மார்க்கண்டேய புராணம் சொல்ல ஒரு குழு, கொல்லர்களுக்குக் காட்டமராஜு கதை சொல்ல இன்னொரு குழு. (தெலுங்கில் கொல்ல என்றால் இடையர், நம் கொல்லுப்பட்டறைக்காரர் அல்லர்.) தன் குலக்கதையைச் சொன்னவருக்கு அந்தச் சமூகம் தானியமும் பணமும் கொடுத்தது. சிவகாசியில் முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் இன்றும் அச்சில் வருகின்றன என்றால், சந்தா கட்டியும் முன்பதிவு செய்தும் காத்திருக்கும் வாசகர்களால்தான். அதுவும் ஏறக்குறைய அதே ஏற்பாடு.

இணையத்தில் அச்சகம் வேண்டாம், ஏஜென்ட் வேண்டாம். முகலாயச் சிற்றோவியங்களுக்கு இன்றைய வசனம் எழுதி 'ராயல் எக்சிஸ்டென்ஷியல்ஸ்' என்ற தொடரை ஆர்த்தி பார்த்தசாரதி நடத்த முடிந்தது அதனால்தான். அச்சில் எந்த ஆசிரியரிடம் போய் இதற்கு அனுமதி வாங்குவது? ஆனால் படித்தவர் காசு கொடுக்க வேண்டுமென்று கட்டாயமில்லை. பிடித்த கட்டத்தை வெட்டி, போட்டவர் பெயர் கழன்றுபோக, வாட்ஸப்பில் அனுப்பிவிடுகிறோம். சேரியாலுக்கும் இதே கதிதான். முழுச் சுருளுக்கு இன்று கேட்பார் அரிது. கைவினைக் கடைகளில் விற்பவை சட்டம் போட்ட ஒற்றைக் கட்டமும் முகமூடிகளும்.

சந்தமாமாவுக்கு நடந்தது இன்னொரு விதம். நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947-இல் சென்னையில் தெலுங்கிலும், அம்புலிமாமா என்ற பெயரில் தமிழிலும் தொடங்கிய பத்திரிகை அது. 2007-இல் மும்பையின் ஜியோடெசிக் என்ற மென்பொருள் நிறுவனம் அதை வாங்கியது. பழைய இதழ்கள் இணையத்தில் ஏறின. இனி ஓவியர் சங்கர் வரைந்த வேதாளம் எங்கேயும் போகாது என்று நாம் நிம்மதியானோம். 2013 வாக்கில் அச்சு நின்றது. சில ஆண்டுகளில் அந்தத் தளமும் இல்லாமல் போனது.

சேரியால் சுருள் நைந்துபோனால் கதைசொல்லிகள் புதிதாக ஒன்று வரையச் சொல்வார்கள். பழையதைத் தூக்கி எறிவதில்லை. சடங்கு செய்து ஆற்றில் விடுவார்கள்.

அபிட்ஸில் நான் புரட்டிய சந்தமாமாவுக்குக் கடைக்காரர் அறுபது ரூபாய் சொன்னார். நான் பேரம் பேசவில்லை. பையன் தலை நிமிரவே இல்லை.